எஞ்சினியரிங் படிப்பவருக்குச் சமூகவியல் எதற்கு? எலெக்டிவ் எடுக்கலாமா?

சிவில்_தம்பி

வணக்கம். சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டருக்கு ஓர் ஓபன் எலெக்டிவ், அதாவது வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம், தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் 'சமூகவியல் அறிமுகம்' இருக்கிறது. வகுப்பில் பாதிப்பேர் பைதான் புரோகிராமிங் பக்கம் ஓடிவிட்டார்கள். "மார்க் ஈஸி, ஆனால் வேலைக்கு ஒன்றுக்கும் ஆகாது" என்கிறார் ஒரு சீனியர். சிலபஸைப் புரட்டினேன்: குடும்பம், சாதி, வர்க்கம், நிறுவனங்கள், சமூக மாற்றம், அப்புறம் துர்கைம், வெபர், மார்க்ஸ் என்று சமூகச் சிந்தனையாளர்கள். பீம் டிசைனுக்கும் துர்கைமுக்கும் என்ன சம்பந்தம்?

வேலையில் இது நிஜமாகவே உதவியிருந்தால் சொல்லுங்கள். "நல்ல மனிதனாகலாம்" ரக பதில் வேண்டாம். அதை வீட்டில் அம்மாவே தினமும் சொல்கிறார்.

லேத்_மேஸ்திரி

பைதான் எடு தம்பி.

ஷாப் ஃப்ளோரில் பல வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். ஆட்களைப் புரிந்துகொள்ள கேன்டீனில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், அதற்கு மூன்று கிரெடிட் வேண்டாம். மேனேஜ்மென்ட் வகுப்பில் எங்களுக்கு ஹாதார்ன் கதையைச் சொல்லாத வாத்தியார் கிடையாது. 1924-ல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலை. விளக்கைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் கூடியது. ஆகவே தொழிலாளிக்கு வேண்டியது வெளிச்சம் அல்ல, தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்வுதான். கேட்க நன்றாக இருக்கிறது. 2011-ல் லெவிட், லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அந்த விளக்குச் சோதனையின் பழைய கணக்கைத் தோண்டி எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். கதையில் சொல்கிற அளவுக்கு அந்த எண்களில் ஒன்றும் இல்லை என்றார்கள். எண்பது வருடமாக உலகம் முழுக்கப் பாடம் நடத்திய விஷயத்தின் லட்சணம் இது. என் டிபார்ட்மென்டில் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் இப்படி இருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

நீலவேணி

எஞ்சினியரிங் கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறவள் நான். ஆகவே என் பதிலில் கொஞ்சம் கட்சி இருக்கும், தள்ளுபடி செய்து படியுங்கள்.

மேஸ்திரி சார், ஹாதார்ன் விளக்குச் சோதனை பற்றி நீங்கள் சொன்னது சரி. நானும் அதை இப்போது எச்சரிக்கையாகத்தான் சொல்லித் தருகிறேன். ஆனால் சமூகவியல் எஞ்சினியருக்கு அந்நியம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தத் துறைக்குப் பெயர் வைத்த ஒகஸ்ட் கோம்ட், 1814-ல் பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர். பிரான்சுக்கு எஞ்சினியர்களை உருவாக்கிக் கொடுத்த பள்ளி அது. இன்னொரு முன்னோடியான ஹெர்பர்ட் ஸ்பென்சர் இளவயதில் லண்டன்–பர்மிங்காம் ரயில்பாதையில் எஞ்சினியர் வேலை பார்த்தார். லெ ப்ளே சுரங்க எஞ்சினியர். ஐரோப்பா முழுக்கத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்து 1855-ல் வெளியிட்டார். குவாலிட்டி மீட்டிங்கில் நீங்கள் தொங்கவிடும் 80–20 சார்ட்டுக்குச் சொந்தக்காரர் பரேட்டோ, டூரினில் எஞ்சினியரிங் முடித்து ரயில்வேயில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். ரயிலும் ஆலையும் ஊர்களைப் புரட்டிப் போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இவர்கள்.

சரி, தம்பி கேட்டது வேலைக்கு என்ன உபயோகம் என்று. நான் வகுப்பில் முதல் வாரமே எடுக்கும் கதை இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கம். 1951-ல் டிரிஸ்ட், பாம்ஃபோர்த் என்ற இரண்டு பேர் எழுதிய ஆய்வு. பாம்ஃபோர்த் தானே சுரங்கத்தில் கரி வெட்டியவர்.

பழைய முறையில் இரண்டு மூன்று பேர் ஒரு சின்னக் குழு. கூட்டாளியை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். கரியை வெட்டுவது, அள்ளுவது, கூரைக்கு முட்டுக் கொடுப்பது எல்லாம் அந்தக் குழுவே செய்யும். பாறை மோசமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். கூட்டாளிக்கு அடிபட்டால் அவர் குடும்பத்தை மற்றவர் பார்த்துக்கொள்வதும் உண்டு. பிறகு வெட்டு இயந்திரமும் கன்வேயரும் வந்தன. ஒரே நீளமான சுவரில் நாற்பது பேர், மூன்று ஷிப்ட். முதல் ஷிப்ட் துளைபோட்டு அடியில் அறுக்கும். இரண்டாவது, கன்வேயரைப் பிரித்து முன்னால் நகர்த்தும். மூன்றாவது, கரியை அள்ளிப் போடும். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள், தனிக் கூலிக் கணக்கு. காகிதத்தில் பார்த்தால் அழகான டிசைன்.

நடந்தது என்ன? முதல் ஷிப்ட் கோணலாக அறுத்துவிட்டுப் போனால் அதன் பலன் அள்ளுகிறவன் தலையில். மூன்று ஷிப்டும் ஒருவரை ஒருவர் சந்திப்பதே இல்லை. ஆகவே பழியைப் போட வசதி. வேலைக்கு மட்டம் போடுவது கூடியது, இயந்திரத்திடம் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. இத்தனைக்கும் இயந்திரத்தில் குறை இல்லை. சில இடங்களில் தொழிலாளர்களே அதே இயந்திரங்களை வைத்துக்கொண்டு வேலையை வேறு மாதிரிப் பிரித்துக்கொண்டார்கள். எல்லோரும் எல்லா வேலையும் கற்றுக்கொள்வது, முந்தைய ஷிப்ட் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஷிப்ட் தொடர்வது. பிறகு டர்ஹாம் பகுதியில் ஒரே கரிப்படுகையில், ஒரே தொழில்நுட்பத்தோடு, இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். சேர்ந்து வேலை செய்த குழுவில் உற்பத்தி அதிகம், மட்டம் போடுவது மற்றதில் பாதிகூட இல்லை.

இயந்திரத்தை வடிவமைக்கிறபோதே வேலையையும் கூலியையும் யார் யாரோடு பேசுவார்கள் என்பதையும் சேர்த்து வடிவமைத்துவிடுகிறோம், தெரிந்தோ தெரியாமலோ. தெரியாமல் செய்யாதே என்பதுதான் இந்தப் பாடம்.

குழாயடி

குடிநீர்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நீலவேணி அம்மா இங்கிலாந்துக்குப் போய்விட்டார், நான் கைப்பம்புக்கு வருகிறேன்.

தம்பி, ஊரில் பார்த்திருப்பாய், இந்தியா மார்க் 2. அதற்கு முன்னால் ஊர்களில் போட்டவை வார்ப்பிரும்புப் பம்புகள். வெளிநாட்டில் ஒரு வீட்டுக்கு, ஒரு பண்ணைக்கு என்று செய்த மாடலின் நகல். இங்கே ஒரு தெருவே விடியற்காலையில் இருந்து அடிக்கும். தாங்குமா? 1970-களின் நடுவில் பார்த்தபோது போட்ட பம்புகளில் பெரும்பாலானவை ஓடவில்லை. பிறகு மகாராஷ்டிரத்தில் உருவான சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் துணையோடு, கோவைப் பகுதியில் போட்டுச் சோதித்து மார்க் 2 வந்தது. எஃகு, சங்கிலி, சீல் போட்ட பேரிங். முரட்டுச் சாமான். எத்தனை பேர் அடிப்பார்கள் என்ற ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டதில் பிறந்த பம்பு.

ஆனால் அடுத்த கேள்வி பாக்கி இருந்தது. வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவது? மார்க் 2-ல் வாஷர் கிணற்றுக்குள்ளே கீழே இருக்கும். அதைத் தொட வேண்டுமானால் முக்காலி நட்டு, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே இழுக்க வேண்டும். நான்கைந்து ஆள், வண்டி, கருவிப் பெட்டி. எல்லாம் மாவட்டத்தில் இருந்து வர வேண்டும். வண்டி வரும் வரை ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பார்கள். தண்ணீர் இறைப்பது முழுக்கப் பெண்கள், பழுது பார்ப்பது முழுக்க வண்டியில் வரும் ஆண்கள். பம்பு மூன்று வாரம் நின்றால் அந்த மூன்று வாரமும் யார் தலையில் என்று எந்த ரிப்போர்ட்டிலும் இராது. 'பழுது நீக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும்.

அப்புறம்தான் மார்க் 3 வந்தது. மேல்குழாயை அகலமாக்கினார்கள். குழாயைக் கழற்றாமல் கம்பியை மட்டும் உருவி வாஷரை மாற்றிவிடலாம். ஊரிலேயே இரண்டு பேர் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. வட இந்தியாவில் சில இடங்களில் பெண்களுக்கே மெக்கானிக் பயிற்சி கொடுத்தார்கள். குழாயின் விட்டம் பெரிதானதால் விலை கொஞ்சம் கூடியது, அது வேறு. ஆனால் அந்த விட்டத்தைத் தீர்மானித்தது நீரியல் கணக்கு மட்டும் அல்ல, ஊரில் யார் கையில் ஸ்பேனர் இருக்கிறது என்ற கணக்கும்தான்.

பம்பை எந்தத் தெருவில் போடுவது என்பதைப் பற்றித் தனியாகவே ஓர் இழை ஆரம்பிக்கலாம். 'பொது இடம்' என்று பஞ்சாயத்தில் காட்டுகிற இடத்துக்குக் காலனி ஆட்கள் வந்து தண்ணீர் எடுக்க முடியுமா என்பதை நிலத்தடி நீர் மேப் சொல்லாது.

லேத்_மேஸ்திரி

ஐயா, மார்க் 3 கதை அருமை. ஆனால் பராமரிப்புக்குச் சுலபமாக டிசைன் செய் என்பது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. அதைச் செய்யாதது மட்டமான எஞ்சினியரிங். அதற்கு எதற்கு சமூகவியல் என்று ஒரு முத்திரை?

இன்னொன்று. இந்தத் துறைக்காரர்கள் நியூயார்க் பாலக் கதையை விடவே மாட்டார்கள். ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி, பஸ்ஸில் வரும் ஏழைகளும் கறுப்பின மக்களும் லாங் ஐலண்ட் கடற்கரைக்கு வரக்கூடாது என்று பாலங்களை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டினாராம். 1980-ல் லாங்டன் வின்னர் எழுதியதில் இருந்து எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். அந்தச் சாலைகளில் பஸ், லாரி போகவே சட்டப்படி தடை இருந்தது. அப்படியிருக்க பாலத்தை எதற்கு உயரமாகக் கட்ட வேண்டும்? ஸ்டீல் செலவு என்ன சும்மாவா?

நீலவேணி

நியாயம். ஜோர்ஜஸ் என்பவர் 1999-ல் ஏறக்குறைய இதே வாதத்தை வைத்தார், அவரும் சமூகவியல்காரர்தான். நான் அந்தக் கதையை வகுப்பில் தீர்ப்பாகச் சொல்வதில்லை. இரண்டு பக்கத்தையும் கொடுத்துச் சண்டை போட விடுவேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: பஸ்ஸுக்குத் தடை போட்டது யார், எதற்கு? கேள்வி பாலத்திலிருந்து சட்டத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

"மட்டமான எஞ்சினியரிங்" என்றீர்களே, அதற்கு சாலஞ்சர். 1986 ஜனவரி 28, ஏவிய 73-வது விநாடியில் விண்கலம் சிதறியது, 7 பேர் போனார்கள். காரணம் ராக்கெட்டின் இணைப்பில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங். குளிரில் விறைத்துவிட்டது. அது எல்லோருக்கும் தெரியும். முந்தைய நாள் இரவு தொலைபேசிக் கூட்டத்தில் ராக்கெட் செய்த கம்பெனியின் எஞ்சினியர்கள், ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவாதீர்கள் என்றுதான் சொன்னார்கள். எஞ்சினியரிங் தலைமையில் இருந்தவரிடம், எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்று மேலதிகாரி சொன்னது விசாரணையில் பதிவானது.

இதை "கெட்ட மேனேஜர், நல்ல எஞ்சினியர்" என்று முடித்துவிடுவார்கள். டயான் வாகன் என்ற சமூகவியலாளர் ஆவணங்களை மலையாகக் குவித்துப் படித்துவிட்டு 1996-ல் வேறு ஒன்று சொன்னார். யாரும் விதியை மீறவில்லை என்றார். 1981-லேயே, இரண்டாவது பயணத்திலேயே, ஓ-ரிங்கில் அரிப்பு தெரிந்தது. கலம் பத்திரமாகத் திரும்பியது. ஆகவே அந்த அளவு அரிப்பு 'ஏற்கத்தக்கது' என்று எழுதினார்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். அதுவும் ஏற்கத்தக்கது. ஒவ்வொரு படியிலும் கையெழுத்து, கணக்கு, ரிவ்யூ எல்லாம் முறைப்படி. வரம்பு மீறல் இப்படித்தான் சகஜமாகிப் போனது. 2003-ல் கொலம்பியா விண்கல விபத்திலும் இதே கதை, இந்த முறை ஓ-ரிங்குக்குப் பதில் நுரைத் துண்டு. அதை விசாரித்த குழு வாகனை அழைத்துக் கேட்டது. அறிக்கையில் இரண்டு விபத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அத்தியாயமே எழுதியது.

மேஸ்திரி சார், "போன தடவையும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை, பாஸ் பண்ணிவிடு" என்று உங்கள் ஷாப்பில் யாரும் சொன்னதே இல்லையா?

லேத்_மேஸ்திரி

சொன்னதில்லையாவது. அதற்கென்று தனி ரப்பர் ஸ்டாம்பே இருக்கிறதே, டீவியேஷன் அப்ரூவ்டு என்று.

வால்வு

தம்பி சிவில் என்பதால் இதைச் சொல்கிறேன். நான் சைட் எஞ்சினியர், பெரும்பாலும் வீடுகளும் சின்ன அபார்ட்மென்ட்களும். உன் வீட்டு செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசி. நான் பார்த்த வரைக்கும் பத்தில் எட்டு, கார் நிறுத்துகிற போர்டிகோவுக்கு அடியில். மேலே வழவழ டைல்ஸ். மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று மூடிக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார்கள், நாங்களும் ஒட்டுகிறோம். உள்ளே இரண்டு அறை, நடுவில் சுவர், இரண்டுக்கும் தனித்தனி மூடி வேண்டும். கான்ட்ராக்டர் ஒன்றை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கசடை எடுக்க வேண்டும். யார் எடுக்கிறார்கள்? பொங்கி வழியும் வரை விட்டுவிடுவார்கள். அதற்குள் அடியில் கசடு களிமண்ணாக இறுகிப் போயிருக்கும். லாரி வருகிறது, ஹோஸைப் போடுகிறார்கள், மேல் தண்ணீர் மட்டும் வருகிறது. இரண்டாவது அறைக்கு மூடி இல்லாததால் ஹோஸ் எட்டவில்லை. அப்போதுதான் அந்த வாக்கியம் வரும்: "ஒரு ஆள் இறங்கினால் முடிந்துவிடும்." உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு அதிகமானால் மூக்குக்கு அந்த வாடைகூடத் தெரியாது. ஓரிரு மூச்சில் ஆள் விழுவார். தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் விழுவார். செய்தியில் "விஷவாயு தாக்கி இருவர் பலி" என்று வரும், ஏதோ வாயு தானாக வந்து தாக்கியதைப் போல.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ன் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. ஆனாலும் இறங்குகிறார்கள். இறங்குகிறவர் எந்தச் சாதி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் என் கேள்வி எஞ்சினியருக்கு. மூடியை ஒன்றாகக் குறைத்தபோது, டைல்ஸுக்கு அடியில் புதைத்தபோது, லாரி ஹோஸ் எட்டாத மூலையில் டேங்கை வைத்தபோது, நாம் மனதில் ஓர் ஆளை எண்ணிக்கொண்டுதான் செய்கிறோம். கூப்பிட்டால் வருவார், இறங்குவார், சம்பளம் அதிகம் கேட்க மாட்டார். டிராயிங்கில் அவர் பெயர் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த டிராயிங் ஒரு நாள்கூட வேலை செய்யாது. சாதி எங்கோ கிராமத்துத் திருவிழாவில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், 1:50 ஸ்கேல் பிளானுக்குள் உட்கார்ந்திருக்கும். இதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது எனக்கு ஸ்டிரக்சர் வாத்தியார் இல்லை.

ரோபோ இருக்கிறதே என்பீர்கள். கேரளத்து இளைஞர்கள் செய்த பேண்டிகூட் 2018-ல் திருவனந்தபுரத்தில் இறங்கியது, நல்ல இயந்திரம். அதில் எனக்குப் பிடித்தது ரோபோவின் கையைவிட, சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே அதை இயக்கப் பயிற்சி கொடுத்ததுதான். இல்லாவிட்டால் இயந்திரம் வந்ததும் அவர்கள் பிழைப்பு போயிருக்கும், அடுத்த வேளைச் சோற்றுக்கு வேறொரு குழியில் இறங்கியிருப்பார்கள். ஆனால் அது மேன்ஹோலுக்கு. போர்டிகோவுக்கு அடியில் இருக்கிற டேங்குக்கு நாம்தான் இரண்டு மூடி வைக்க வேண்டும்.

பைதான்_பாண்டி

பைதான் எடுக்கச் சொல்கிறவர்களுக்காக ஒரு வரி. 2018-ல் பூலம்வினி, கெப்ரு இருவரும் மூன்று கம்பெனிகளின் முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களில் 34.7 சதவீதம் வரை. புரோகிராம் கோடில் பக் (பிழை) இல்லை. யார் படங்களை வைத்துப் பழக்கினார்கள், யார் படங்களை வைத்துச் சோதித்தார்கள் என்பதில்தான் விஷயம். நம்மூரில் சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் வேலை செய்து ரேகை தேய்ந்தவர் ரேஷன் கடையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாரே, அதுவும் இதே ரக பக்தான். இரண்டு பாடமும் எடுக்க வழி இருந்தால் இரண்டையும் எடு.

சிவில்_தம்பி

எல்லோருக்கும் நன்றி. வால்வு அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டு அப்பாவிடம் கேட்டேன். "டேங்கா? கார் நிற்கிற இடத்தில் எங்கேயோ இருக்கும்" என்றார்.

நீலவேணி மேடம், பாடம் எடுப்பதாக முடிவு செய்தால் ஃபீல்டு வொர்க் உண்டா, அல்லது எல்லாம் தியரிதானா? எங்கள் கல்லூரியில் யார் நடத்துவார்கள் என்று இன்னும் தெரியவில்லை.

நீலவேணி

நடத்துகிறவரைப் பொறுத்தது, தம்பி. துர்கைம் பிறந்த ஆண்டைக் கேட்கிற வாத்தியார் கிடைத்தால் பைதானுக்கே ஓடிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். முதலில் போன வருடக் கேள்வித்தாளை வாங்கிப் பார். அசைன்மென்டில் ஊருக்குள் போகிற மாதிரி ஏதாவது இருந்தால் எடு. என் மாணவர்களுக்கு நான் கொடுப்பது ஒரு பஸ் நிறுத்தம். காலை, மதியம், மாலை போய் நின்று யார் எங்கே நிற்கிறார்கள், நிழல் எங்கே விழுகிறது, பெண்கள் கூரைக்குக் கீழே நிற்காமல் ஏன் பக்கத்துக் கடை வாசலில் நிற்கிறார்கள் என்று எழுதி, பிறகு நிறுத்தத்தின் டிராயிங்கைத் திருத்திக் கொண்டுவர வேண்டும். சிவில் பசங்கள் இதில் பின்னி எடுக்கிறார்கள்.

லேத்_மேஸ்திரி

நான் இன்னும் பைதான் கட்சிதான். ஆனால் அம்மா, ஒரு சந்தேகம். அந்தச் சுரங்கத்தில் எல்லோரும் எல்லா வேலையும் செய்தார்கள் என்றீர்களே, கூலியை எப்படிப் பிரித்தார்கள்? எங்கள் பிளான்டில் மல்டிஸ்கில் என்று ஆரம்பித்தது எல்லாம் இன்சென்டிவ் பிரிப்பதில் வந்து சண்டையில் முடிந்தது.

நீலவேணி

முழுக் குழுவுக்கும் ஒரே கூலிச் சீட்டு. அதைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதையும், எந்த ஷிப்டில் யார் என்பதையும் அவர்களே முறை வைத்துத் தீர்மானித்தார்கள், மேற்பார்வையாளர் அல்ல. உங்கள் பிளான்டில் வேலையைச் சேர்த்துவிட்டு இன்சென்டிவை மட்டும் தனித்தனியாகவே விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பலன் இவ்வளவு நன்றாக இருந்தும் அங்கே சுரங்க நிர்வாகம் இந்த முறையை மற்ற இடங்களுக்குப் பரப்புவதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. ஏன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள், ஃபோர்மேன் வேலை பார்த்தவர் நீங்கள்.